காலநிலையையும் நிலவடிவத்தையும் சேர்த்துப் படிக்கிறது எப்படி: முழுமையான வழிகாட்டி

பூகோளம் படிக்கிற நிறைய பேர் காலநிலை வகைகளை ஒரு லிஸ்ட்டாவும் நிலவடிவங்களை இன்னொரு லிஸ்ட்டாவும் மனப்பாடம் பண்றாங்க, எக்ஸாம் முடிஞ்சதும் ரெண்டுமே மறந்து போயிடுது. எனக்கு இதுல ரொம்ப நாளா வருத்தம் உண்டு, ஏன்னா இதை யோசிச்சே பிடிச்சிடலாம். ஒரு இடத்துக்கு எவ்வளவு சூடு கிடைக்குது, எவ்வளவு தண்ணி கிடைக்குது, அந்தத் தண்ணி வருஷத்துல எப்போ வருது, இந்த மூணும் தெரிஞ்சா அங்க பாறை எப்படி உடையும், உடைஞ்சது எதோட போகும், எங்க போய்ப் படியும்னு பெரும்பாலும் சொல்லிடலாம். அதே நேரம் ஒரு மலைத்தொடர் எழும்பினா அது காலநிலையையே மாத்திடும். அதனால ரெண்டையும் பிரிக்காம வரிசையா போவோம், பக்கத்துல ஒரு அட்லஸோ சேட்டிலைட் மேப்போ திறந்து வச்சுக்கோங்க.

படி 1: முதல்ல அட்சரேகை

பூமத்திய ரேகைகிட்ட வெயில் நேரா விழுது, துருவத்துகிட்ட சாய்வா விழுது. சாய்வா விழும்போது அதே வெயில் பெரிய பரப்புல பரவிடும், ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கிற சூடு குறையும். பூமியோட அச்சு சுமார் 23.5 டிகிரி சாஞ்சிருக்கிறதால, நேரா வெயில் விழுற இடம் கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவுல வருஷம் பூரா போய் வந்துட்டு இருக்கும், பருவங்கள் வர்றது இதனாலதான். சூரியனுக்கு பூமி கிட்ட வரும்போது கோடை வருதுன்னு இன்னும் பல பேர் நம்புறாங்க. ஆனா பூமி சூரியனுக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிறது ஜனவரி தொடக்கத்துல, அப்போ வட அரைக்கோளத்துல குளிர்காலம்.

இப்போ காத்துக்கு வருவோம். பூமத்திய ரேகைகிட்ட சூடான ஈரக்காத்து மேல ஏறும், ஏற ஏற குளிரும், குளிர்ந்தா மழையா கொட்டிடும். ஈரத்தை இழந்த அந்தக் காத்து மேலயே வடக்கயும் தெக்கயும் போய் சுமார் 30 டிகிரி பக்கம் கீழ இறங்கும், இறங்கும்போது அழுத்தம் கூடி சூடாகும், சூடான காத்துல மேகம் கரைஞ்சு போயிடும். சஹாரா, அரேபியா, கலஹாரி, ஆஸ்திரேலியாவோட உள்பகுதி எல்லாம் ஏன் கிட்டத்தட்ட அந்த வரிசையிலயே இருக்குன்னு மேப்ல விரலை வச்சுப் பாருங்க. அதுக்கு மேல 40ல இருந்து 60 டிகிரி வரைக்கும் மேற்குக் காத்து அடிக்கிற பகுதி, புயலும் மழையும் அதோட வரும். துருவத்துல மறுபடியும் காத்து இறங்குது, அதனாலதான் அண்டார்டிகாவோட உள்பகுதி இத்தனை பனிக்கு நடுவுலயும் ஒரு பாலைவனம்.

பூமியைச் சுத்தி மழைக்கு ஒண்ணு, வறட்சிக்கு ஒண்ணுன்னு இருக்கிற இந்தப் பட்டைகள் ஒரே இடத்துல நிக்காது, சூரியனோட சேர்ந்து வடக்கயும் தெக்கயும் நகரும், இதுதான் ரொம்ப முக்கியம். சவானாவுக்கு, அதாவது மரம் அங்கங்க நிக்கிற வெப்பமண்டலப் புல்வெளிக்கு, கோடையில மழைப்பட்டை வருது, குளிர்காலத்துல வறண்ட பட்டை வருது. மத்திய தரைக்கடல் வகைக்கு அப்படியே உல்டா, கோடையில வறண்ட பட்டை மேல வந்து உக்காந்துக்கும், குளிர்காலத்துல மேற்குக் காத்து மழையோட வரும். ரெண்டுமே பட்டை நகர்றதாலதான்னு புரிஞ்சா, எதுல எப்போ மழைன்னு குழப்பமே வராது.

படி 2: அட்சரேகை சொன்னதைத் திருத்துங்க

அட்சரேகை ஒரு முதல் கணிப்புதான். அடுத்து கடல், நீரோட்டம், மலை, உயரம் நாலையும் பார்க்கணும்.

குளிர் நீரோட்டம் ஓடுற கடற்கரையில காத்தோட அடிப்பகுதி குளிர்ந்து கனமாயிடும், மேல சூடான காத்து மூடி மாதிரி இருக்கும், அதனால காத்து மேல ஏறவே முடியாது, மூடுபனி வரும் ஆனா மழை வராது. தென் அமெரிக்காவுல ஹம்போல்ட் நீரோட்டத்தை ஒட்டி அடகாமா, ஆப்பிரிக்காவுல பெங்குவேலா நீரோட்டத்தை ஒட்டி நமீப், ரெண்டுமே கடலை ஒட்டியே இருக்கிற பாலைவனங்கள். வெப்ப நீரோட்டம் நேர் எதிரா வேலை செய்யும். ரஷ்யாவோட முர்மான்ஸ்க் துறைமுகம் 69 டிகிரி வடக்குல ஆர்க்டிக் வட்டத்துக்கு உள்ள இருந்தும் குளிர்காலத்துல உறையாம கப்பல் போகுது, வட அட்லாண்டிக்ல இருந்து வர்ற சூடுதான் காரணம். அதே நாட்டுல, அதைவிடக் கொஞ்சம் தெக்க, ஆனா கண்டத்துக்குள்ள இருக்கிற வெர்கோயான்ஸ்க்ல 1892ல மைனஸ் 67.8 டிகிரி பதிவாச்சு, 2020 ஜூன்ல பிளஸ் 38 டிகிரியும் பதிவாச்சு. தண்ணி மெதுவா சூடாகி மெதுவா ஆறும், நிலம் ரெண்டையுமே வேகமா செய்யும். கடல்ல இருந்து எவ்வளவு தூரம்னு பார்க்கச் சொல்றது இதுக்குத்தான்.

மலைன்னா, காத்து வர்ற பக்கம் மழை, மறுபக்கம் மழை மறைவு. தெற்கு சிலியோட மேற்குச் சரிவுகள்ல வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான மில்லிமீட்டர் பெய்யுது, ஆண்டிஸைத் தாண்டினதும் அர்ஜென்டினா பக்கம் படகோனியாவுல 200 மி.மீ.கூட தேறாத இடங்கள் இருக்கு. உயரத்துக்கு சராசரியா 1 கி.மீ.க்கு 6.5 டிகிரி குறைச்சுக்கோங்க. ஈக்வடாரோட கிட்டோ நகரம் கிட்டத்தட்ட பூமத்திய ரேகை மேலயே இருக்கு, ஆனா சுமார் 2,850 மீட்டர் உயரத்துல இருக்கிறதால வருஷம் பூரா வசந்தகாலம் மாதிரிதான்.

படி 3: கோப்பென் முறையில வகைப்படுத்துங்க

விளாடிமிர் கோப்பென் 1884ல ஆரம்பிச்சு 1936 வரைக்கும் திருத்திக்கிட்டே இருந்த முறை இது, பின்னாடி ருடால்ஃப் கைகர் இன்னும் செம்மைப்படுத்தினாரு. கோப்பெனோட யோசனை என்னன்னா, எந்த இடத்துல என்ன செடி வளருதோ அதுவே அந்த இடத்தோட காலநிலையைக் காட்டும், அந்தச் செடிகளோட எல்லைக்குப் பொருந்துற வெப்ப அளவையும் மழை அளவையும் தேடிப்பிடிச்சா போதும். அதனால அவரோட எண்கள் பார்க்க விசித்திரமா இருந்தாலும் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு காரணம் இருக்கு. உங்களுக்குத் தேவை 12 மாச சராசரி வெப்பம், 12 மாச மழை, அவ்வளவுதான். வரிசையை மாத்தாம இப்படிப் போங்க.

முதல் கேள்வி, ரொம்ப சூடான மாசமே 10 டிகிரிக்குக் கீழ இருக்கா? ஆமான்னா இ (E) வகை, அதாவது துருவ வகை. 0 டிகிரிக்கு மேல ஒரு மாசமாவது இருந்தா தூந்திரம், எல்லா மாசமும் 0க்குக் கீழன்னா பனிக்கவிப்பு. அந்த 10 டிகிரி கோடுதான் உலகத்துல மரம் வளர்றது நிக்கிற கோட்டுக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது.

ரெண்டாவது கேள்வி, இடம் வறண்டதா, அதாவது பி (B) வகையா? இங்கதான் எல்லாரும் தடுமாறுவாங்க, நிதானமா படிங்க. மழை இத்தனை மி.மீ.க்குக் கீழ போனா பாலைவனம்னு ஒரே நம்பரை நெட்டுல போட்டிருப்பாங்க, கோப்பென் முறையில அது கிடையாது. எவ்வளவு மழை ஆவியா போகும்ங்கிறதைச் சேர்த்துப் பார்க்கணும். வருஷ சராசரி வெப்பத்தை 20ஆல பெருக்குங்க. மழையில 70 சதவீதமோ அதுக்கு மேலயோ வெயில் கால ஆறு மாசத்துல பெய்ஞ்சா 280ஐக் கூட்டுங்க, அந்தப் பங்கு 30ல இருந்து 70 சதவீதத்துக்குள்ளன்னா 140 கூட்டுங்க, 30க்கும் குறைவுன்னா எதையும் கூட்ட வேணாம். வர்ற விடை மி.மீ.ல ஒரு எல்லைக்கோடு. மழை அந்த எல்லையில பாதிகூட இல்லன்னா பாலைவனம், பாதிக்கும் முழுசுக்கும் நடுவுலன்னா ஸ்டெப்பி, அதாவது அரைவறண்ட புல்வெளி, எல்லையைத் தாண்டிட்டா வறண்ட இடமே இல்ல, அடுத்த கேள்விக்குப் போகலாம்.

போட்டுப் பார்ப்போம். சராசரி வெப்பம் 20 டிகிரி, மழை 320 மி.மீ.ன்னு ரெண்டு இடத்தை வச்சுக்கோங்க. முதல் இடத்துல எல்லாம் கோடை மழை, எல்லை 400 பிளஸ் 280, அதாவது 680, அதுல பாதி 340, 320 அதுக்குக் கீழ, அதனால பாலைவனம். ரெண்டாவது இடத்துல எல்லாம் குளிர்கால மழை, எல்லை வெறும் 400, பாதி 200, 320 நடுவுல விழுது, அதனால ஸ்டெப்பி. ஒரே வெப்பம், ஒரே மழை, ஆனா வெயில் காலத்துல பெய்ஞ்ச மழை மண்ணுல இறங்குறதுக்குள்ள ஆவியாயிடுது. இந்த ஒரு கணக்கைக் கையால ஒரு தடவை போட்டுட்டீங்கன்னா பி வகை உங்களுக்கு மறக்கவே மறக்காது.

மூணாவது, ரொம்ப குளிரான மாசமும் 18 டிகிரியோ அதுக்கு மேலயோ இருந்தா ஏ வகை, வெப்பமண்டலம். ரொம்ப வறண்ட மாசத்துலயும் 60 மி.மீ. இருந்தா மழைக்காடு, அதுக்குக் கீழ போனா மொத்த மழையைப் பொறுத்து பருவமழை வகை இல்லன்னா சவானா. நாலாவது, குளிரான மாசம் 18க்குக் கீழ, ஆனா மைனஸ் 3க்கு மேலன்னா சி வகை, மிதவெப்பம். அதுக்கும் கீழ போனா டி வகை, கண்ட வகை, சைபீரியாவும் கனடாவும் இதுல வரும். மைனஸ் 3ன்னு கோப்பென் வச்சதை நிறைய புது மேப்கள்ல 0ன்னு மாத்தியிருப்பாங்க, அதனால ரெண்டு மேப்ல ஒரே ஊர் வேற வேற நிறத்துல இருந்தா பயப்படாதீங்க. அப்புறம் வர்ற எழுத்துகள் மழை எந்த சீசன், கோடை எவ்வளவு சூடுன்னு சொல்ற துணைக்குறிப்புகள்தான், தேவைப்படும்போது பார்த்துக்கலாம்.

படி 4: அடியில என்ன நடக்குதுன்னு பாருங்க

மேலிருந்து வேலை செய்யுற காலநிலைக்கு முதல்ல செதுக்க ஏதாவது வேணுமே, அதைக் கொடுக்கிறது பூமியோட உள்சக்தி. பூமியோட மேலோடு பெரிய பெரிய தட்டுகளா பிரிஞ்சு மெதுவா நகர்ந்துக்கிட்டே இருக்கு. இந்தத் தட்டுகள் மோதுற இடத்துல மடிப்பு மலை, இமயமலைக்கான மோதல் சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சு இன்னும் நிக்கல. கடல்தட்டு கண்டத்தட்டுக்கு அடியில நுழையுற இடத்துல ஆழ்கடல் அகழியும் எரிமலை வரிசையும், ஆண்டிஸ் அப்படித்தான். தட்டுகள் பிரியுற இடத்துல பிளவுப் பள்ளத்தாக்கு, கிழக்கு ஆப்பிரிக்காவைப் பாருங்க, அதே பிரிவு கடலுக்கு அடியிலன்னா நடுக்கடல் முகடு, ஐஸ்லாந்து அதோட மேல வந்த துண்டு. நிலம் எழும்ப கோடிக்கணக்கான வருஷம் ஆகும்னு எப்பவும் நெனைக்க வேணாம், மெக்சிகோவுல பரிக்குட்டின் எரிமலை 1943ல ஒரு சோளக்காட்டுல முளைச்சு 1952க்குள்ள 400 மீட்டருக்கு மேல வளர்ந்துடுச்சு.

இதோட பாறை என்ன பாறைன்னும் பார்த்துக்கோங்க, கிரானைட்டா, சுண்ணாம்புக்கல்லா, மணற்கல்லா. அடுத்த படிக்கு இது அவசியம்.

படி 5: பாறை எப்படி உடையுதுன்னு கண்டுபிடிங்க

தண்ணி உறைஞ்சா கன அளவுல சுமார் 9 சதவீதம் விரியும், விரிசல்ல புகுந்த தண்ணி உறைஞ்சு உருகி உறைஞ்சு உருகியே பாறையைப் பிளந்துடும். இதுல கவனிக்க வேண்டியது எவ்வளவு குளிர்ங்கிறதை விட எத்தனை தடவை 0 டிகிரியைத் தாண்டிப் போய் வருதுங்கிறதுதான். எப்பவுமே மைனஸ் 40ல இருக்கிற இடத்துல இந்த வேலை பெருசா நடக்காது, பகல்ல உருகி ராத்திரி உறையுற மலைச்சரிவுல கூர்கூரான கல்லுக் குவியலா கிடக்கும்.

சூடும் ஈரமும் சேர்ந்தா வேதிச் சிதைவுக்குத்தான் கொண்டாட்டம். மழைக்காட்டுல கிரானைட்டே அழுகின மாதிரி களிமண்ணா மாறி, அந்தச் சிதைஞ்ச அடுக்கு பல பத்து மீட்டர் ஆழம் வரைக்கும் போகும். கரையக்கூடியதெல்லாம் அடிச்சுட்டுப் போய் இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சி செம்மண் நிறத்துல லேட்டரைட் உருவாகும். பாலைவனத்துலயும் கடற்கரையிலயும் உப்புப் படிகம் வளர்ந்து பாறையை உள்ளேயிருந்து நெம்பும்.

காலநிலையோட கைவரிசையை ஒரே பாறையில பார்க்கணும்னா சுண்ணாம்புக்கல்லைப் பாருங்க. மழைத்தண்ணி காத்துலயும் மண்ணுலயும் இருக்கிற கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கிட்டு லேசான அமிலமா மாறி சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். அதனால ஈரமான தெற்குச் சீனாவுல, குயிலின் பக்கம், அதே சுண்ணாம்புக்கல் குகையும் தூண்தூணான குன்றுகளுமா நிக்குது. வறண்ட கிராண்ட் கேன்யன்ல கரைக்கத் தண்ணி இல்ல, அங்க சுண்ணாம்புக்கல் உறுதியான செங்குத்துச் சுவரா மேல் விளிம்புல நிக்குது. இப்படிப் பாறை கரைஞ்சு உருவாகிற கார்ஸ்ட் நிலம் எங்க வரும்னு கேட்டா சுண்ணாம்புக்கல்னு மட்டும் பதில் சொன்னா பாதி மார்க்குதான், தண்ணியும் வேணும்.

படி 6: உடைஞ்சதை யாரு தூக்கிட்டுப் போறாங்க

முதல் ஆள் புவியீர்ப்பு, நிலச்சரிவா வேகமாவும் மண் ஊர்றதா மெதுவாவும். அப்புறம் ஆறு. மேல்பகுதியில சரிவு அதிகம், ஆறு கீழ்நோக்கியே வெட்டும், வி வடிவப் பள்ளத்தாக்கும் அருவியும் வரும். அருவியும் ஒரே இடத்துல இருக்காது, நயாகரா சுமார் 12,000 வருஷத்துல 11 கி.மீ. பின்வாங்கியிருக்கு. சமவெளிக்கு வந்ததும் ஆறு பக்கவாட்டுல வெட்டும், வளைவோட வெளிப்பக்கம் வேகம் அதிகம், அரிக்கும், உள்பக்கம் வேகம் கம்மி, படியும், வளைவு பெருசாகிக்கிட்டே போய் ஒரு நாள் கழுத்து அறுந்து குதிரைக் குளம்பு ஏரியா தனியா நிக்கும். கடைசில டெல்டா, ஆனா ஆறு கொண்டுவர்ற வண்டல் அலையும் ஓதமும் எடுத்துட்டுப் போறதை விட அதிகமா இருந்தாதான் டெல்டா.

மழை கூடினா அரிப்பும் கூடும்னுதானே தோணும்? 1958ல லாங்பைன், ஷூம்னு ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க ஆற்றுப் படுகைகள்ல எவ்வளவு வண்டல் வருதுன்னு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. ரொம்ப அதிக வண்டல் வந்தது மழைக்காடு மாதிரி ஈரமான இடத்துல இருந்து இல்ல, பாலைவனத்துல இருந்தும் இல்ல, வருஷத்துக்கு சுமார் 300 மி.மீ. மழை உள்ள அரைவறண்ட நிலத்துல இருந்து. பாலைவனத்துல மண்ணைத் தூக்க மழை பத்தாது, ஈரமான இடத்துல வேர்கள் மண்ணைப் பிடிச்சு வச்சுக்கும், நடுவுல இருக்கிற இடத்துலதான் மழையும் இருக்கு, மண்ணைப் பிடிக்க ஆளும் இல்ல. மலைச்சரிவும் பாறையும் மாறினா இந்த எண்ணும் மாறும், ஆனா அடிப்படை யோசனை ரொம்ப பலமானது. சீனாவுல மஞ்சள் ஆறு ஏன் மஞ்சளா ஓடுதுன்னா, அது கடந்து வர்ற பீடபூமி இப்படிப்பட்ட அரைவறண்ட இடம், அதுக்கு மேல மண்ணும் காத்து கொண்டுவந்து போட்ட மிருதுவான காற்றடி வண்டல். என்னைக் கேட்டா காலநிலையும் நிலவடிவமும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது, நடுவுல செடியையும் சேர்த்துக்கணும்னு அழகா காட்டிடுது.

பனியாறு அடியையும் பக்கத்தையும் சேர்த்து தேய்க்கும், அதனால யு வடிவப் பள்ளத்தாக்கு. மலையோட நாலு பக்கமும் பனி குடைஞ்சா நடுவுல கொம்பு மாதிரி சிகரம் மிஞ்சும், ஆல்ப்ஸ் மலையில இருக்கிற மேட்டர்ஹார்ன் அப்படி வந்ததுதான். பனி குடைஞ்ச பள்ளத்துல கடல் புகுந்தா ஃபியோர்டு, நார்வேயோட சோக்னே ஃபியோர்டு 200 கி.மீ.க்கு மேல நீளம், 1,300 மீட்டருக்கு மேல ஆழம்.

காத்தைப் பத்தி ஒரு தப்பெண்ணம் இருக்கு. பாலைவனம்னா மணல்மேடு, மணல்மேடுன்னா காத்துன்னு நெனைச்சுக்கிறோம், ஆனா சஹாராவுல மணல் மூடின பரப்பு சுமார் கால்வாசிதான், மீதியெல்லாம் கல்லும் பாறையும். மணல் தரையை ஒட்டித் துள்ளித் துள்ளித்தான் போகும், ஆள் உயரத்தைத் தாண்டுறது அபூர்வம், அதனால காத்து செதுக்குறது பாறையோட அடிப்பகுதியைத்தான். ஒரே திசைக் காத்தும் குறைஞ்ச மணலும் இருந்தா பிறை வடிவ மேடு வரும், அதோட ரெண்டு கொம்பும் காத்து போற பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கும், சேட்டிலைட் படத்துலயே காத்தோட திசையைச் சொல்லிடலாம். மத்தபடி பாலைவனத்தோட பெரிய பள்ளத்தாக்கு, வண்டல் விசிறி, உப்புத்தரை எல்லாத்தையும் வெட்டினதும் நிரப்பினதும் எப்பவாவது வர்ற வெள்ளம்தான்.

கடலைச் சுருக்கமா முடிச்சுக்கலாம். அலைகள் நீட்டிக்கிட்டு இருக்கிற நிலமுனையில சக்தியைக் குவிக்கும், அங்க ஓங்கலும் (செங்குத்தான பாறைச் சுவரும்) தூணும் வரும், உள்வாங்கின விரிகுடாவுல சக்தி சிதறும், அங்க மணல் படியும்.

படி 7: பொருந்தாததைத் தேடுங்க

இப்போ உங்க காலநிலைக் கணிப்பையும் படத்துல தெரியுற நிலவடிவத்தையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. பொருந்தலன்னா உங்க கணக்கு தப்புன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி பனி உச்சத்துல இருந்தப்போ கடல்மட்டம் இன்னைக்கு இருக்கிறதை விட சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு. ஸ்காட்லாந்துல இன்னைக்குப் பனியாறே கிடையாது, ஆனா யு வடிவப் பள்ளத்தாக்கு நிறைய. ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் நடுவுல இருக்கிற கடற்கரை, மேல அழுத்திக்கிட்டிருந்த பனி போனதால, இன்னும் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1 செ.மீ. எழும்பிக்கிட்டே இருக்கு. 1981ல விண்வெளி ஓடத்துல இருந்து எடுத்த ரேடார் படத்துல கிழக்கு சஹாரா மணலுக்கு அடியில பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வரிசையா தெரிஞ்சுது. அல்ஜீரியாவோட தசிலி பாறை ஓவியங்கள்ல மாட்டு மந்தைகள் இருக்கு, ஒரு காலத்துல அங்க புல்வெளி இருந்துச்சு. நிலவடிவம் மெதுவா மாறும், காலநிலை அதை விட வேகமா மாறிடும், அதனால ஒரே இடத்துல ரெண்டு மூணு காலத்தோட வேலை ஒண்ணு மேல ஒண்ணா கிடக்கும்.

படி 8: ஆண்டிஸை வச்சுப் பயிற்சி பண்ணுங்க

வடக்குல இருந்து தெக்க வரைக்கும் அடியில நடக்கிற வேலை கிட்டத்தட்ட ஒண்ணேதான், கடல்தட்டு கண்டத்துக்கு அடியில போகுது. மேல மட்டும் காலநிலை மாறுது. கொலம்பியாவோட பசிபிக் பக்கத்தைத் திறந்து 1ல இருந்து 7 வரைக்கும் போங்க: ஏறுற காத்து, மழைக்காடு, ஆழமான சிதைவு, நிலச்சரிவு, வண்டல் நிறைஞ்ச ஆறுகள். அப்புறம் சிலியோட வடக்குக்கு வாங்க, அடகாமா, இறங்குற காத்தும் குளிர் நீரோட்டமும் மழை மறைவும் மூணுமே சேர்ந்த இடம், பழைய நிலப்பரப்பு அரிப்பே இல்லாம அப்படியே கிடக்கு. கடைசியா 50 டிகிரி தெக்க போங்க, மேற்குக் காத்து, கனமழை, பனியாறு, ஃபியோர்டு.

இதுல கடலுக்கு அடியையும் பார்த்துடுங்க. அடகாமாவுக்கு எதிர்ல இருக்கிற அகழி சுமார் 8,000 மீட்டர் ஆழம், உள்ள வண்டல் ரொம்பக் கம்மி, ஏன்னா கொண்டுவர ஆறு இல்ல. தெக்க போகப் போக பனியாறும் ஆறும் கொண்டுவந்து கொட்டின வண்டலால அதே அகழி நிரம்பிக் கிடக்கு. வண்டல் இல்லாத இடத்துல ரெண்டு தட்டுக்கும் நடுவுல உராய்வு அதிகமாகி, அதனாலதான் ஆண்டிஸ் நடுப்பகுதியில இவ்வளவு உயரமா நிக்க முடியுதுன்னு 2003ல சில புவியியலாளர்கள் ஒரு கருத்து வச்சாங்க. அது சரின்னா, அடகாமாவுல மழை பெய்யாததுகூட ஆண்டிஸோட உயரத்துக்கு ஒரு காரணம், அந்த உயரமே மறுபடியும் அமேசான் பக்கத்து ஈரக்காத்தைத் தடுத்து அடகாமாவை இன்னும் வறட்சியாக்குது.